அபராதத் தொகையை விட கெடு தேதி முக்கியம்: ஆலைப் பாதுகாப்பு கேள்வி பதில்

ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். விதிமீறல், ஆய்வு, அபராதம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் எந்த நாட்டு விதி என்பதையும் கூடவே சொல்கிறேன்.

ஐயா, பெரிய கம்பெனிகளுக்குக் கோடிக்கணக்கில் அபராதம் என்று செய்தி வருகிறது. அந்தப் பணம் அவர்களுக்கு ஒரு பொருட்டா? அதனால் ஏதாவது மாறுகிறதா?

தொகையால் மட்டும் மாறுவதில்லை. அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் பிபி என்ற எண்ணெய்க் கம்பெனிக்கு இருந்த சுத்திகரிப்பு ஆலையைப் பாருங்கள். 2005 மார்ச் 23 அன்று ஒரு யூனிட்டை மறுபடி ஓட்டத் தொடங்கியபோது, எரிபொருளைப் பிரிக்கும் ஒரு கோபுரத்துக்குள் அளவுக்கு மேல் திரவம் ஏறிக்கொண்டே போனது. மட்டம் காட்டும் கருவி தவறாகக் காட்டியது, இரண்டாவது எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. வெளியே பொங்கி வழிந்த எரிபொருள் தீப்பிடித்து வெடித்தது. இறந்த 15 பேரும் பக்கத்தில் நிறுத்தியிருந்த தற்காலிக அலுவலக அறைகளிலும் அவற்றை ஒட்டியும் இருந்தவர்கள். யூனிட்டை ஓட்டும் வேலையில் அவர்களுக்குப் பங்கே இல்லை. இன்றும் என்னால் அதைக் கடந்துபோக முடியவில்லை.

வேலையிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஓஷா அந்த ஆண்டே 2.1 கோடி டாலர் அபராதம் போட்டது. அதுவரை அவர்கள் போட்டதிலேயே பெரிய தொகை அது. கம்பெனியும் எல்லாவற்றையும் சரிசெய்வதாக ஒப்புக்கொண்டது. 2009-ல் திரும்பப் போய்ப் பார்த்தபோது, ஒப்புக்கொண்ட பல திருத்தங்கள் நடக்கவே இல்லை. இந்த முறை ஓஷா கேட்டது 8.7 கோடி டாலர். அதில் திருத்தம் செய்யாத பகுதிக்காக 2010-ல் 5.06 கோடி டாலர் கட்டக் கம்பெனி சம்மதித்தது.

அதனால்தான் யார் கேட்டாலும் நான் சொல்வது: நோட்டீஸ் வந்தால் தொகைக்கு முன்னால் திருத்தக் கெடு தேதியைப் பாருங்கள். அமெரிக்காவில் அந்தத் தேதியைத் தாண்டினால் நாள் கணக்கில் அபராதம் ஏறும்.

தொகையை எப்படி முடிவு செய்கிறார்கள்? இன்ஸ்பெக்டர் இஷ்டமா?

இல்லை. அமெரிக்காவில் 2025 கணக்குப்படி, கடுமையான விதிமீறல் ஒன்றுக்கு அதிகபட்சம் 16,550 டாலர். தெரிந்தே செய்தால், அல்லது பிடிபட்ட பிறகும் அதையே செய்தால், 1,65,514 டாலர். பத்து மடங்கு. குறை ஒன்றேதான், அது உங்களுக்கு முன்பே தெரியுமா என்பதில்தான் வித்தியாசம். ‘எங்களுக்குத் தெரியும், பட்ஜெட் வரவில்லை’ என்று எழுதிய ஒரு மின்னஞ்சல் போதும், வழக்கின் தன்மையே மாறிவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2016 முதல் கம்பெனியின் ஆண்டு விற்றுமுதலையும் வைத்துத் தொகையைக் கணிக்கிறார்கள். எனக்கு அந்த முறைதான் சரி என்று படுகிறது.

‘யாருக்கும் அடிபடவில்லையே, பிறகு எதற்கு அபராதம்?’ என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். ஆளை ஆபத்தில் நிறுத்தியதே குற்றம். அடிபட்ட பிறகுதான் சட்டம் வர வேண்டும் என்று இல்லை.

அண்ணா, நான் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். கதவு சென்சாரில் டேப் ஒட்டி பைபாஸ் செய்து ஓட்டச் சொல்கிறார்கள். புகார் கொடுத்தால் என் பெயர் வெளியே வருமா?

தம்பி, முதலில் உங்கள் கை. கதவு திறந்தால் அந்த மெஷின் நின்றே ஆக வேண்டும். நிற்காத மெஷினுக்குள் கையை விடாதீர்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1947-ம் ஆண்டு 81-ம் உடன்படிக்கை, புகார் கொடுத்தவர் யார் என்பதை இன்ஸ்பெக்டர் ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. ‘புகார் வந்ததால் வந்தேன்’ என்றுகூட முதலாளியிடம் சொல்லக் கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 1981-ன் 155-ம் உடன்படிக்கை. உங்கள் நாடு இவற்றில் எதை ஏற்றிருக்கிறது என்று பாருங்கள். சூப்பர்வைசரிடம் எழுத்தில் சொல்லுங்கள். தேதி, ஷிஃப்ட், மெஷின் எண் எல்லாம் போட்டு ஒரு நகலை வீட்டில் வையுங்கள்.

ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் ஆலையிலும் இதே டேப். கிழித்துப் போட்டேன், மறுநாள் திரும்ப ஒட்டியிருந்தார்கள். அப்புறம்தான் உட்கார்ந்து கேட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை பொருள் சிக்கிக்கொள்கிறது, ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தால் மெஷினை முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கிறது என்றார்கள். பொருள் உள்ளே போகும் பாதையைச் சரிசெய்தோம். அதற்குப் பிறகு யாரும் டேப் ஒட்டவில்லை. ஒட்டியவரைத் திட்டியே நான் அதற்கு முன் பல மாதங்களை வீணாக்கியிருந்தேன்.

தொழிலாளி ஹெல்மெட் போடாவிட்டால் அபராதம் யாருக்கு?

அமெரிக்காவில் முதலாளிக்குத்தான். அங்கே ஓஷா தொழிலாளிக்கு அபராதம் போடுவதில்லை. காண்ட்ராக்ட் ஆள் என்றாலும் ஆலைக்காரர் தப்ப முடியாது, ஆபத்து யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்று பார்ப்பார்கள்.

எங்கள் ஆலையில் உத்தரத்தின் மேல் மாவுத் தூசு படிந்திருப்பதை விதிமீறல் என்று எழுதிவிட்டார்கள். தூசுக்கெல்லாமா?

அவர் எழுதியது சரி. 2008-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இம்பீரியல் சுகர் ஆலையில் 14 பேரைக் கொன்றது சர்க்கரைத் தூசு. மூடிய கன்வேயருக்குள் நடந்த முதல் வெடிப்பு, கட்டடம் முழுக்கப் படிந்திருந்த தூசை உதறிக் காற்றில் கலக்கியது. அது அடுத்தடுத்து வெடித்தது. ஒரு பேப்பர் கிளிப் கம்பியின் தடிமனுக்குத் தூசு பரவலாகப் படிந்தாலே ஆபத்து என்பது அங்கே கணக்கு. கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யாதீர்கள், தூசு மேகம் அப்படித்தான் உருவாகிறது.

தொட்டிக்குள் இறங்க பெர்மிட் இல்லை என்று அபராதம் போட்டார்கள். அது வெறும் காகிதம்தானே?

காகிதத்தை நிரப்ப வேண்டுமென்றால் தொட்டிக்குள் காற்றை அளந்தாக வேண்டும், அதற்காகத்தான் அந்தக் காகிதம். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆனால் அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்கினால் அவ்வளவுதான்.

இன்னொன்று, 1986-ல் அமெரிக்க ஆய்வு நிறுவனமான நையோஷ் வெளியிட்ட எச்சரிக்கைப்படி, இப்படிப்பட்ட மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள். கூட வேலை பார்ப்பவன் விழுந்தால் யாருக்கும் மனசு கேட்காது, குதித்துவிடுவார்கள். அதனால் இறங்குவதற்கு முன்பே ஆளுக்கு உடலைச் சுற்றிப் பிடிக்கும் பெல்ட் (ஹார்னெஸ்) மாட்டி, கயிற்றை மேலே வின்ச்சில், அதாவது கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவியில், கட்டுங்கள். மேலே காவல் நிற்பவர் எதற்காகவும் உள்ளே இறங்கக் கூடாது, வின்ச்சைச் சுற்றி இழுப்பதும் உதவிக்கு அழைப்பதும்தான் அவர் வேலை. பெர்மிட்டில் அந்தக் காவலாளின் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.