எட்டாவது ஆள்

வணக்கம் சார்,

சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போகிறேன். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் கிடையாது. தமிழ்ப் பையன்கள் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள்.

இப்போது ஒரு பையன் இருக்கிறான். பன்னிரண்டு வயது இருக்கும். தனியாக ரயிலேறி தாதரில் வந்து இறங்கியவன். முதல் வாரம் ஒரு ஊர் சொன்னான், அடுத்த வாரம் வேறு ஊர். அப்பா செத்துவிட்டார் என்றான், அப்புறம் அவனே அப்பாவின் போன் நம்பரைச் சொன்னான். ராத்திரிச் சப்பாத்தியை சட்டையில் சுருட்டி மெத்தைக்கு அடியில் வைக்கிறான், எறும்பு மொய்க்கிறது. ஆறுதலாக அணைக்கப் போனால் தள்ளிவிடுகிறான். போன மாதம் இல்லத்தில் 'டிராமா இன்ஃபார்ம்டு கேர்' என்று, அதாவது மனக்காயம் பட்டவர்களை அதைப் புரிந்துகொண்டு கவனிப்பது பற்றி, ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அன்பாக இருங்கள் என்பதைத்தான் ஐம்பது ஸ்லைடு போட்டுச் சொல்கிறார்களா? அன்பு போதாதா? அந்த நம்பருக்கு நானே பேசிப் பார்க்கட்டுமா?

(பெயர் வேண்டாம்), மும்பை

அன்புள்ள நண்பருக்கு,

பையனின் பெயரையும் அவன் சொன்ன ஊர்களையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வாட்ஸப் குழுக்களிலும் போடாதீர்கள், படம் வேண்டவே வேண்டாம்.

அன்பு போதாது. என் அனுபவத்தில் அது சில சமயம் இடைஞ்சல்கூட.

நானும் இதே வேலையைக் கொஞ்ச காலம் செய்தேன், வேறொரு இல்லத்தில். முதல் நாள் ஒரு பையன் முன்னால் போய் உட்கார்ந்து, தமிழ்க்காரன் வந்துவிட்டேன் என்ற பெருமையோடு "எந்த ஊருப்பா?" என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தான். பிளாட்பாரத்தில் ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர் (ஆர்.பி.எஃப்.), ஸ்டேஷன் உதவி மையத்து அக்கா, போலீஸ், டாக்டர், கமிட்டி மேடம், இல்லத்து சூப்பிரண்டெண்ட், கவுன்சிலர். "நீங்க எட்டாவது ஆளு சார்."

யார் மேலும் தப்பில்லை. தனியாகக் கிடைத்த குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு (அவன் சொன்ன கமிட்டி) முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் அதில் சேராது. குடும்பம், பின்னணி எல்லாம் விசாரித்து 15 நாளுக்குள் அறிக்கை வர வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படிவம். எல்லாப் படிவத்திலும் ஊருக்கு ஒரு கட்டம். வீட்டில் அடி தாங்காமல் ஓடிவந்தவனுக்கு ஊர்ப் பெயர் என்பது ரிட்டர்ன் டிக்கெட். அதைச் சொன்ன மறுநாளே வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்று நினைக்கிறான். அவன் கையில் இருக்கிற ஒரே தாழ்ப்பாள் அது. உங்களிடம் மட்டும் ஏன் திறக்க வேண்டும்?

எல்லாமே திட்டம் போட்ட பொய்யாகவும் இருக்காது. பயந்துபோன பிள்ளைக்கு நடந்தது பல சமயம் வரிசையாக ஞாபகம் வராது. நடந்தது செவ்வாய்க்கிழமை என்று தெரியாது, அன்றைக்குக் கதவு சாத்திய சத்தம் தெரியும். அதே நேரம், ஓடிவந்த பையன்கள் எல்லோரும் அடிபட்டவர்கள் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். கடலைப் பார்க்க வந்தவனையும் பார்த்திருக்கிறேன். தாராவிப் பெரியவர்கள் சிலர் டிக்கெட் இல்லாமல் பாம்பே வந்த கதையை வீரதீரமாகச் சொல்வார்கள், நானும் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். பிழைத்து நின்றவர்கள்தானே கதை சொல்ல முடியும்?

சரி, அந்த ஸ்லைடுகள். அமெரிக்க சுகாதாரத் துறையின் சாம்சா என்ற மனநல அமைப்பு 2014-ல் இதை நான்காகச் சொன்னது: மனக்காயத்தின் விளைவு எவ்வளவு பரவலானது என்று தெரிந்துகொள், அதன் அடையாளங்களைக் கண்டுகொள், அதற்கேற்ப உன் நடைமுறையை மாற்று, மறுபடி காயப்படுத்தாதே. எனக்கு நான்காவதுதான் முக்கியம். பயிற்சிகளில் "உனக்கு என்ன கோளாறு என்று கேட்காதே, உனக்கு என்ன ஆச்சு என்று கேள்" என்பார்கள். எனக்கு அதிலும் பாதி உடன்பாடுதான். ஏழு பேர் கேட்டது அதைத்தானே? அந்தக் கேள்வியை அவன் இருக்கும்போது மனதுக்குள் கேட்டுக்கொண்டால் போதும். அவனிடம் கேட்பதைக் கவுன்சிலர் ஒருவரே செய்யட்டும்.

சப்பாத்தி விஷயத்தில் எனக்குப் பாடம் எடுத்தது எந்தப் பயிற்சியும் இல்லை, இரவுப் பணியில் இருந்த ஒரு மராத்தி அம்மா. அங்கேயும் ஒருவன் இப்படித்தான் ஒளித்து வைத்தான். சிலர் திட்டினார்கள், ஒருவர் மெத்தையை உதறிக் காட்டினார். இந்த அம்மா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து, அவன் கண் முன்னாலேயே ரெண்டு சப்பாத்தி வைத்து மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார். டப்பாவைச் சுற்றி எறும்புக்கு லட்சுமண ரேகை சாக்பீஸால் ஒரு வட்டம். நான் திறக்க மாட்டேன், இது உன்னுடையது என்று இந்தியில் சொன்னார். தினமும் அதே நேரத்துக்கு ரெண்டு சப்பாத்தி. கொஞ்ச வாரம் கழித்து டப்பாவில் கோலிக்குண்டு கிடந்தது.

அணைப்பதைப் பற்றி. 2018-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமியின் அப்போதைய தலைவர் கொலீன் கிராஃப்ட் டெக்சாஸில் ஒரு காப்பகத்துக்குப் போனார். எல்லையில் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட சின்னக் குழந்தை ஒன்று தரையைக் குத்திக் குத்தி அழுதுகொண்டிருந்தது. அது தனியாக வந்ததில்லை, தனியாக்கப்பட்டது. பணியாளர் பொம்மையும் புத்தகமும் காட்டினார், தூக்கவில்லை. தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார்களாம். நம்மிடம் நேர் எதிர். யார் பிள்ளையானாலும் கன்னத்தைக் கிள்ளுவோம், தலையைத் தடவுவோம். உங்கள் பையனுக்கு முன்பு யார் கை எப்படிப் பட்டது என்று நமக்குத் தெரியாது. "கை குடுக்கலாமா?" என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். மாட்டேன் என்று சொல்லி அது செல்லுபடியானது அவனுக்கு முதல் தடவையாகக்கூட இருக்கலாம். உட்காரும்போது கதவை மறைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பையனிடம் "அடுத்த ஞாயிறு வர்றேன்டா" என்றேன். அந்த ஞாயிறு மழை, சயானில் தண்டவாளம் முழுகிவிட்டது, போகவில்லை. இல்லத்துக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. அன்று சாயங்காலம் வரை அவன் கேட் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அதற்கப்புறம் என்னிடம் பேசவே இல்லை. மும்பை மழையெல்லாம் எனக்குத்தான் சாக்கு. அவனுக்கு நான் இன்னொரு பெரிய ஆள், அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது அடுத்து என்ன நடக்கும் என்று தெரிவது. சாப்பாடு எத்தனை மணிக்கு, கமிட்டி எந்தக் கிழமை, அங்கே தமிழில் யார் பேசுவார்கள், நீங்கள் வர முடியாமல் போனால் எப்படித் தெரியவரும். இதையெல்லாம் சொல்லுங்கள். அவன் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் மட்டும் செய்துவிடாதீர்கள். பாலியல் கொடுமை எதையாவது அவன் சொன்னால், 2012 போக்சோ சட்டப்படி நீங்கள் தெரிவித்தே ஆக வேண்டும். அதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவைப்பதுதான் நியாயம்.

இனி அந்த போன் நம்பர். நீங்கள் பேச வேண்டாம். மறுமுனையில் இருப்பவர் தேடி அலைகிற அப்பாவா, அவன் யாருக்குப் பயந்து ஓடினானோ அந்த ஆளா, நமக்குத் தெரியாது. நம்பரைக் கவுன்சிலரிடம் கொடுங்கள். ஆனால் கொடுக்கப் போவதைக் கொடுப்பதற்கு முன்னால் அவனிடம் சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். கோபப்படுவான். அடுத்த ஞாயிறு மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். நீங்கள் வழக்கமான நேரத்துக்கே போங்கள். ஒரு லூடோ அட்டை எடுத்துப்போங்கள், ஊரைப் பற்றிக் கேட்காதீர்கள்.