சமையலறையோடு ஒரு வீடு: ஐரோப்பிய நகரப் பயணிகளின் கேள்விகள்

நாங்கள் இருவர். லிஸ்பனில் 3 இரவு தங்கப்போகிறோம். ஹோட்டலை விட அபார்ட்மென்ட் மலிவா?

3 இரவுக்குப் பெரும்பாலும் ஹோட்டல்தான் கட்டுப்படியாகும். வீடுகளுக்குத் துப்புரவுக் கட்டணம் தனி. 2 இரவு தங்கினாலும் 10 இரவு தங்கினாலும் அது அதே தொகைதான். இரவுக்கு 80 யூரோ, துப்புரவுக்கு 60 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 இரவுக்கு மொத்தம் 300, அதாவது இரவுக்கு 100. அதே வீட்டில் 7 இரவு தங்கினால் 620, இரவுக்கு 89-க்குள் வந்துவிடும். ஒரு வாரம் தங்குபவர்களுக்குத் தள்ளுபடி தரும் உரிமையாளர்களும் நிறைய உண்டு. அதனால் தேடும்போதே தேதிகளைப் போட்டு, மொத்தத் தொகையை வைத்து ஒப்பிடுங்கள். அதிலும் சுற்றுலா வரி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் அது அறை வாடகையில் 12.5 சதவீதம். இத்தாலியில் பல இடங்களில் போய் இறங்கிய பிறகு கையில் வாங்குவார்கள்.

அப்புறம், சமையலறைக்குக் கொடுக்கிற காசு, சமைத்தால்தான் மிச்சமாகும். லிஸ்பனில் சின்னச் சின்னக் கடைகளிலேயே மதியச் சாப்பாடு நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. நாள் முழுக்க ஊர் சுற்றிவிட்டு ராத்திரி அடுப்பு பற்றவைக்க உங்களுக்கு மனசு வருமா? ஓஸ்லோ, கோபன்ஹேகன், ஜூரிக் என்றால் வேறு கதை. அங்கே நாலு பேர் உணவகத்தில் ஒரு வேளை சாப்பிடும் பணத்தில் சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு நாளுக்காவது வாங்கிவிடலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்த ஊர்களில் நான் யோசிக்காமல் வீடுதான் சொல்வேன்.

பார்சிலோனாவில் பாதி விலைக்கு ஒரு வீடு பார்த்தோம். உரிம எண் போடவில்லை. பரவாயில்லையா?

வேண்டாம், விட்டுவிடுங்கள். பார்சிலோனாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீட்டுக்கு எச்.யு.டி.பி. என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அங்கே இந்த உரிமங்களையே 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2024-ல் மேயர் அறிவித்தார். வாடகை ஏறி உள்ளூர்க்காரர்கள் வீடு கிடைக்காமல் தவிப்பதுதான் காரணம். மற்ற நகரங்களிலும் இதே போக்குதான். வியன்னாவில் சிறப்பு அனுமதி இல்லாமல் ஒரு வீட்டை ஆண்டுக்கு 90 நாளுக்கு மேல் இப்படி விட முடியாது. லண்டனிலும் 90 இரவுதான் வரம்பு. இத்தாலியில் 2025 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் சி.ஐ.என். என்ற தேசியக் குறியீடு கட்டாயம்.

எண் இல்லாத வீட்டில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அந்த விளம்பரம் எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படலாம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு புக்கிங் ரத்தானால் பணம் திரும்பி வரும், ஆனால் அந்த நேரத்தில் மற்ற வீடுகளின் விலை எங்கேயோ போயிருக்கும். முக்கியமாக ஊரில் பெரிய கண்காட்சியோ திருவிழாவோ நடக்கும் வாரத்தில். பார்சிலோனாவில் மொபைல் வேர்ல்ட் காங்கிரஸ் என்ற செல்போன் துறைக் கண்காட்சி, மிலானில் ஏப்ரலில் நடக்கும் மரச்சாமான் கண்காட்சி, மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர் திருவிழா நடக்கும் நாட்களில் சாதாரண அறைக்கே விலை கேட்க முடியாது.

உரிமக் கவலையே வேண்டாம் என்றால் அபார்ட்-ஹோட்டல் பாருங்கள். அடாஜியோ, சிட்டாடைன்ஸ் மாதிரி நிறுவனங்கள் பாரிஸ் உள்ளிட்ட பல ஊர்களில் நடத்துகின்றன. ரிசப்ஷனும் உண்டு, அறைக்குள் சின்ன சமையல் மேடையும் உண்டு.

படத்தில் சமையலறை இருக்கிறது. வேறு என்ன பார்க்க வேண்டும்?

முதலில் அடுப்பு. ‘சமையல் வசதி’ என்று போட்டிருப்பார்கள், போய்ப் பார்த்தால் ஒரு மைக்ரோவேவும் கெட்டிலும் மட்டும் இருக்கும். படத்தைப் பெரிதாக்கி எத்தனை அடுப்பு என்று எண்ணிப் பாருங்கள். வழவழவென்ற கறுப்புக் கண்ணாடி மேடையாக இருந்தால் இண்டக்ஷனா என்று கேளுங்கள். இண்டக்ஷன் என்றால் நீங்கள் கொண்டுபோகும் அலுமினியப் பாத்திரம் அதில் சூடாகாது. சந்தேகம் இருந்தால் பாத்திர அலமாரியைத் திறந்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். தயங்காமல் அனுப்புகிறவர் பொதுவாக நல்ல உரிமையாளராகத்தான் இருப்பார். லிஃப்ட் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். பழைய கட்டடங்களில் நாலாவது மாடிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது சாதாரணம்.

தனியாகப் போகிறேன். முழு வீட்டுக்குக் காசு கொடுக்க மனமில்லை.

கொடுக்க வேண்டாம். விருந்தினர் சமையலறை உள்ள ஹாஸ்டல் தேடுங்கள். எல்லா ஹாஸ்டலிலும் அது இருக்காது, பெரிய பெயர்கள் சிலவற்றில் கூட இல்லை. கோடையில் போனால் மாணவர் விடுதி அறைகளும் உண்டு. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்றவை விடுமுறையில் அறைகளைப் பயணிகளுக்கு விடுகின்றன. சமையலறை பெரும்பாலும் பொதுவாக இருக்கும், பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெனிஸில் விலை தாங்கவில்லை. மெஸ்ட்ரேயில் தங்கலாமா?

தாராளமாக. ரயிலில் சுமார் 10 நிமிடத்தில் வெனிஸின் சாந்தா லூச்சியா நிலையம் வந்துவிடும். மெஸ்ட்ரே வெனிஸ் நகராட்சிக்கு உட்பட்டது என்பதால், பகல் பயணிகளிடம் குறிப்பிட்ட நாட்களில் வசூலிக்கும் நுழைவுக் கட்டணம் அங்கே தங்குபவர்களுக்கு இல்லை. விலக்குக்கு ஆன்லைனில் பதிவு செய்து கொள்ளுங்கள். பக்கத்து ஊரான பாதுவாவில் தங்கினால் அந்த விலக்கு கிடையாது.

வாட்ஸப்பில் பேசி, வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பினால் 15 சதவீதம் குறைப்பதாக உரிமையாளர் சொல்கிறார்.

அனுப்பாதீர்கள். புக்கிங் தளத்துக்கு வெளியே போன பணத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

ஞாயிறு மாலை பெர்லினில் இறங்குகிறோம். வீட்டுக்குச் சாமான் வாங்க முடியுமா?

ஜெர்மனியில் ஞாயிறன்று சூப்பர்மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை விதிவிலக்கு. பெர்லின் மத்திய ரயில் நிலையத்தில் இறங்கினால் அங்கேயே வாங்கிவிடுங்கள், கூட்டம் இருக்கும். உப்பு, எண்ணெய் வீட்டில் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வைத்தால் பை லேசாகும். பில்லில் தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் கூடுதலாக இருந்தால் அது முன்பணம். காலி பாட்டிலைச் சூப்பர்மார்க்கெட்டில் உள்ள மெஷினில் போட்டு, வரும் சீட்டை கவுண்டரில் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும்.