சாந்த் விக்துவார் மலையில் ஏறப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

தெற்குப் பிரான்சில், எக்ஸ் ஆன் பிரோவான்ஸ் நகரின் கிழக்கே நிற்கும் சுண்ணாம்புப் பாறை மலையைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: 946 மீட்டர்தானே? கொடைக்கானல் பார்த்தவனுக்கு இது ஒரு மலையா?

கொடைக்கானலுக்கு நீங்கள் பஸ்ஸில்தானே போனீர்கள்? இங்கே வடக்குப் பக்கம் கபசோல் என்ற இடத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கினால், அங்கிருந்து இன்னும் சுமார் 600 மீட்டர் உயரத்தைக் காலால்தான் ஏற வேண்டும். நீங்கள் சொல்லும் 946, பிரோவான்ஸ் சிலுவை நிற்கும் முனையின் உயரம். மலையின் உச்சி அதுவல்ல. கிழக்கே உள்ள பிக் தே மூஷ், 1,011 மீட்டர்.

கேள்வி: முதல் முறை போகிறேன். எந்தப் பாதை நல்லது?

கபசோலிலிருந்து ஏறுங்கள். அது வோவனார்க் கிராமத்தைச் சேர்ந்த சிற்றூர். பிக்காசோ அடக்கம் செய்யப்பட்ட மாளிகை வோவனார்க்கில்தான் இருக்கிறது, ஆனால் அது தனியார் சொத்து, வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூசிய பட்டைகள் வழி காட்டும். முதலில் மரநிழலில் அகலமான பாதை, பிறகு வளைந்து வளைந்து ஏறும் கல் பாதை. நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரத்தில், சிலுவைக்குச் சற்றுக் கீழே உள்ள பழைய மடாலயத்தை அடையலாம்.

பிமோன் அணையிலிருந்து முகடு வழியாக வரும் பாதை இன்னும் நீளம். காட்சிகள் அதில்தான் அதிகம், வெயிலும் அதில்தான் அதிகம். தென்சரிவுப் பாதைகளை முதல் நாளே தொடாதீர்கள். சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். இறங்கும்போது அதுவே இரு மடங்கு சிரமம்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் ஷூவில் போகலாமா?

அடிப்பகுதியில் வரிகள் தேயாமல் இருந்தால் போகலாம். பலர் மிதித்து மிதித்து, படிபோல் உள்ள கற்கள் கோயில் வாசற்படி மாதிரி வழவழவென்று ஆகியிருக்கின்றன. மழைத்தூறல் விழுந்த பிறகு அவற்றில் கால் வைக்கவே கூடாது. பக்கத்துக் கரடுமுரடான கல்லில் வையுங்கள். பாதைக்கு வெளியே உதிரிக்கற்கள். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இறங்கும் வழியில், களைத்த கால்களோடு பேசிக்கொண்டே வரும்போது.

கேள்வி: வழியில் ஊற்று, ஓடை ஏதாவது உண்டா? ஒரு லிட்டர் தண்ணீர் போதாதா?

போதாது. தலைக்கு இரண்டு லிட்டர், வெயில் காலமென்றால் மூன்று. சுண்ணாம்புப் பாறையில் மழைநீர் தேங்குவதில்லை. மழைநீரில் கலந்திருக்கும் லேசான அமிலம் கல்லைக் கரைத்து வெடிப்புகளை விரித்துக்கொண்டே போகிறது. பெய்த தண்ணீர் அந்த வெடிப்புகளில் இறங்கி மலைக்குள்ளேயே போய்விடுகிறது. முகட்டில் 'கரகாய்' என்ற ஆழமான பிலம் இருப்பதும் இதனால்தான். மேலே மடாலயத்தில் தொட்டி இருக்கிறதே என்று நம்பி வெறும் பாட்டிலோடு ஏறாதீர்கள்.

கேள்வி: ஜூலையில் ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். அப்போது கூட்டிப் போகலாமா?

வேண்டாம் என்பேன். ஜூன் முதல் செப்டம்பர் இறுதி வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து, மலைக்குப் போகலாமா என்று நாள்தோறும் அரசு நிர்வாகம் அறிவிக்கும். சிவப்பு என்றால் நுழையவே கூடாது. முந்தைய நாள் மாலையே இணையத்தில் பார்த்துவிடலாம். இதைக் கெடுபிடி என்று அலுத்துக்கொள்கிறவர்கள் 1989 ஆகஸ்டை நினைத்துப் பார்க்க வேண்டும்: சுமார் 5,000 ஹெக்டேர் எரிந்துபோனது. தென்பக்கத்தில் பைன் மரங்கள் குறைந்து புதர்களே அதிகம் தெரிவதில் அந்தத் தீக்கும் பங்கு உண்டு. பெரியவர்களை அக்டோபரிலோ ஏப்ரலிலோ வரவழையுங்கள். ஜூலையில்தான் என்றால் அணைக்கரை வரை போய் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அதற்கும் அன்றைய அறிவிப்பு முக்கியம்.

கேள்வி: வானம் நீலமாக, மேகமே இல்லாமல் இருந்தது. ஆனாலும் இங்குள்ள நண்பர் 'இன்று வேண்டாம்' என்றார். ஏன்?

மிஸ்ட்ரால் வீசியிருக்கும். வடமேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றுதான் வானத்தைத் துடைத்து நீலமாக்குகிறது. ஆனால் முகட்டில், ஒரு பக்கம் செங்குத்தான பள்ளம் இருக்கும் இடத்தில், அது ஆளைத் தள்ளும். நண்பர் சொன்னது சரி.

கேள்வி: செசான் வரைந்த மலையா இது? படத்தில் கூம்பாக இருக்கிறதே!

அதே மலைதான். அவர் பெரும்பாலும் எக்ஸ் பக்கத்திலிருந்து, அதாவது மேற்கிலிருந்து பார்த்து வரைந்தார். அங்கிருந்து அது கூர்மையான கூம்பு. தெற்கிலிருந்து பாருங்கள், சுமார் 18 கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளைச் சுவராக நிற்கும்.

கேள்வி: புளியோதரை கட்டிக்கொண்டு போனால் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம்?

மடாலயத்து முற்றத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் பாறையில் ஒரு பிளவு. அதன் வழியாகத் தென்பக்கச் சமவெளி முழுவதும் தெரியும், ஆனால் விளிம்புக்குப் போகாதீர்கள். சிலுவைக்கு அருகில் காற்று தட்டையே பறித்துவிடும். இலை, பொட்டலம் எதையும் மேலே விடாதீர்கள், குப்பைத்தொட்டி கிடையாது. கடைசி பஸ் நேரத்தைக் காலையிலேயே நிறுத்தத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு ஏறுங்கள்.