நள்ளிரவில் ஏஐயிடம் மனம் விட்டுப் பேசலாமா? மாணவர் கேள்வி பதில்

கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவர்களைச் சந்திக்கும் பதிவு பெற்ற ஆலோசகர் பதில் சொல்கிறார்.

கே: எந்த ஏஐ செயலி நல்லது, மேடம்? (மாணவி, பாங்சார்)

ப: பெயர் சொல்ல மாட்டேன். இன்று இருப்பது நாளை இருக்காது. மனநலத்துக்காகப் பேசும் செயலியாகப் பேர் பெற்ற வோபாட் 2025-இல் மூடப்பட்டது. எதில் எழுதினாலும் உங்கள் பெயரையும் மெட்ரிக் எண்ணையும் (மாணவர் பதிவு எண்) எழுதாதீர்கள்.

கே: பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடனை நினைத்தால் தூக்கமே வருவதில்லை. (மாணவர், பினாங்கு)

ப: மாதக் கணக்குப் போட ஏஐ உதவும். தூக்கம் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கே: கவுன்சலிங்குக்குத் தேதி கேட்டால் மூன்று வாரம் தள்ளிக் கொடுக்கிறார்கள். ஏஐ உடனே பேசுகிறது. உங்களைப் போன்ற ஆலோசகர்கள் அதை ஏன் குறை சொல்கிறார்கள்? (கணினித் துறை மாணவர்)

ப: தம்பி, உங்கள் கோபம் நியாயம். அவ்வளவு நாள் காக்கவைக்கக் கூடாது. ஏஐயால் பயனே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் 18 முதல் 28 வயது வரையுள்ள 70 பேரைக் கொண்டு வோபாட்டைச் சோதித்தார்கள். அதைப் பயன்படுத்திய பிரிவினருக்கு இரண்டே வாரத்தில் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. ஆனால் அதன் பதில்கள் முன்கூட்டியே எழுதி வைத்தவை. இப்போதுள்ள ஏஐ செயலிகள் பதிலைத் தாமே கோக்கின்றன, பெரும்பாலும் நம் பேச்சுக்குத் தலையாட்டுகின்றன. "வகுப்பில் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்" என்று எழுதினால், "அப்படியானால் இன்று ஓய்வெடுங்கள்" என்று பரிவாகச் சொல்லிவிடும். நாலு நாள் அறையிலேயே கிடந்தால் பயம்தான் வளரும். நானாக இருந்தால், "நாளை கடைசி வரிசையில் பத்து நிமிடம் உட்கார முடியுமா?" என்று கேட்பேன்.

கே: அப்படிக் கேட்கும்படி ஏஐக்கு நானே கட்டளை கொடுக்கலாமே? (அதே மாணவர்)

ப: கொடுக்கலாம், நல்ல யோசனை. ஆனால் மனம் உடைந்து கிடப்பவருக்கு அதை யோசித்து எழுதத் தெம்பு ஏது? அப்புறம், வகுப்புக்குப் போனீர்களா என்று மறுவாரம் விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். தேதி வரும்வரை ஏஐ இருக்கட்டும், தேதியை மட்டும் ரத்து செய்யாதீர்கள்.

கே: இலவசமாக எந்தச் செயலி...

ப: முதல் பதிலைப் படியுங்கள். மெட்ரிக் எண் வேண்டாம்.

கே: சாக வேண்டும்போல் இருக்கிறது என்று தோழி ஏஐயிடம் எழுதியிருக்கிறாள். வெளியே சொன்னால் போலீஸ் வருமா?

ப: அந்தப் பயம் வேண்டாம்மா. மனதில் இருப்பதைச் சொல்வது குற்றமில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவையும் மலேசியா 2023-இல் நீக்கிவிட்டது. அவளைத் தனியே விடாதீர்கள். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, எந்நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555. உடனடி ஆபத்து என்றால் 999. இப்போதே அழையுங்கள், மற்றவர்களுக்கு நான் பிறகு பதில் சொல்கிறேன்.