ஐம்பது தளங்களைத் திறந்து பாருங்கள்

வணக்கம். எட்டு மாதமாக ரியாக்ட் (இணையப் பக்கங்களை உருவாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) படித்து, மூன்று சிறிய ப்ராஜெக்ட்டுகள் செய்து வைத்திருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் வெப் டெவலப்பர் வேலைக்கு விளம்பரம் வருவதே அபூர்வம். வருவதும் மூன்று வருட அனுபவம் கேட்கிறது. பெருநகருக்குப் போனால்தான் பிழைக்க முடியுமா, இங்கேயே முயல வழி உண்டா?
கே.

அன்புள்ள கே.,

விளம்பரத்தை மட்டும் வைத்து ஒரு வட்டாரத்தை எடைபோட்டால் கணக்கு இரண்டு பக்கமும் பிசகும். ஒரே வேலையை மூன்று கன்சல்டன்சிகள் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பணி விவரத்திலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால் இரட்டைகள் சிக்கிவிடும். மாதக்கணக்கில் தேதி மட்டும் மாறிக்கொண்டு நிற்கும் விளம்பரங்களையும் கழித்துவிடுங்கள். மறுபக்கம், பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனம் பெரும்பாலும் விளம்பரமே தராது. இருக்கிற ஆளிடம் "தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா" என்று கேட்டு முடித்துக்கொள்ளும்.

அதனால் விளம்பரங்களை விட்டுவிட்டு, இணையதளங்களை எண்ணுங்கள். உங்கள் வட்டாரத்து மருத்துவமனைகள், கல்லூரிகள், தொழிற்சாலைகள், ஏற்றுமதியாளர்கள், விடுதிகள் என்று ஐம்பது நிறுவனங்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றின் தளத்தையும் திறந்து, கன்ட்ரோல் யு அழுத்தி சோர்ஸை, அதாவது பக்கத்தின் நிரல் வரிகளைப் பாருங்கள்; எந்தத் தொழில்நுட்பத்தில் செய்தது என்று தெரியும். கோப்புப் பாதைகளில் 'டபிள்யூபி-கன்டென்ட்' என்று வந்தால் அது வேர்ட்பிரஸ், அதாவது தளங்களை உருவாக்கி நடத்த உதவும் மென்பொருள். 'வியூஸ்டேட்' என்ற மறைவான புலம் இருந்தால் மைக்ரோசாஃப்டின் பழைய தொழில்நுட்பமான வெப் ஃபார்ம்ஸ். ஸ்கிரிப்ட் பாதையில் 'நெக்ஸ்ட்' முன்னால் அடிக்கோட்டுடன் நின்றால் நெக்ஸ்ட்ஜேஎஸ், அதாவது ரியாக்ட். பிறகு உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் குக்கீகளை (தளம் உங்கள் உலாவியில் சேமித்து வைக்கும் சிறு குறிப்புகள்) பாருங்கள்: பெயர் 'பிஎச்பிசெஸ்ஐடி' என்றால் பிஎச்பி, 'ஜேசெஷன்ஐடி' என்றால் ஜாவா. தளம் ஒன்றுக்கு நாலு நிமிடம் போதும். இரண்டு மாலைகளில் முடிந்துவிடும். குக்கீயின் பெயரை மாற்றி வைப்பவர்களும் உண்டு என்பதால் ஒரே தடயத்தை நம்ப வேண்டாம். முகப்புப் பக்கம் வேர்ட்பிரஸ்ஸாக இருக்கும்; மாணவர் லாகினோ, டீலர் லாகினோ ஜாவாவில் ஓடும். சம்பளம் தரும் வேலை பெரும்பாலும் அந்த லாகின் பக்கத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதைத் தனி நெடுவரிசையில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நெடுவரிசை ஃபுட்டருக்கு. பக்கத்தின் அடியில் 'வடிவமைப்பு' என்று, தளம் செய்து கொடுத்த ஏஜென்சியின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். ஐம்பது தளங்களை முடிக்கும்போது ஐந்தாறு பெயர்களே திரும்பத் திரும்ப வந்திருப்பதைக் காணலாம். உங்களுக்கு வேலை தரக்கூடியவர்களின் பட்டியல் அதுதான்.

பெரும்பாலும் வேர்ட்பிரஸ்தான் முதலில் நிற்கும். உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. இதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 பதிப்போடு வந்த பிளாக் எடிட்டர் (பக்கத்தைத் துண்டு துண்டாக அடுக்கி அமைக்கும் கருவி) ரியாக்டில் எழுதப்பட்டது. உங்கள் எட்டு மாதம் வீணில்லை. ஆறு முதல் எட்டு வாரம் வேர்ட்பிரஸ்ஸின் மொழியான பிஎச்பி படித்து, அந்த எடிட்டரில் சேர்க்கக்கூடிய பிளாக் பிளகின் ஒன்றைச் சொந்தமாக எழுதுங்கள். நான்காவதாக ஒரு டூ-டூ ஆப் (செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்) செய்வதைவிட அது நிச்சயம் பேசும். ஏஜென்சிக்கு பயோடேட்டாவோடு ஒரு பக்கக் குறிப்பும் அனுப்புங்கள்: அவர்கள் செய்த தளம் ஒன்றில் மொபைலில் முதன்மைப் படம் வர எத்தனை விநாடி ஆகிறது (2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல்), அதற்கு எந்தப் படம் காரணம், எப்படிச் சரிசெய்வது. பிழையை ஸ்கிரீன்ஷாட்டோடு, பணிவாகச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல், ஓட்டைகளைத் தேடும் பாதுகாப்பு ஸ்கேனர் மட்டும் ஓட்டிவிடாதீர்கள்; நல்லெண்ணத்தில் செய்தாலும் சட்டச் சிக்கலில் முடியும்.

மூன்று வருடம் கேட்பதற்குக் காரணம் எளிது. சிறிய நிறுவனத்தில் கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. ஏஜென்சியில் அந்த நெருக்கடி கொஞ்சம் குறைவு. ஆனால் அங்கேயும் சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி) பயன்படுத்துகிறீர்களா, எழுதிய நிரலை யார் ரிவ்யூ செய்கிறார், மாற்றங்கள் சோதிக்காமல் நேராக லைவ் சர்வருக்கு எஃப்டிபியில் (கோப்புகளை அனுப்பும் பழைய முறை) போகின்றனவா. மூன்றுக்கும் பதில் மோசமாக இருந்தால் ஒரு வருடத்துக்கு மேல் தங்காதீர்கள். வேகம் வரும், பழக்கம் கெடும்.

இனி ஊர் மாறும் கேள்வி. உங்கள் ஐம்பதில் லாகின் உள்ளவை பத்துக்குக் கீழே, ஏஜென்சிகளும் இரண்டோ மூன்றோதான் என்றால் தயங்காமல் கிளம்பலாம் என்பது என் கருத்து. அந்த வட்டாரத்தில் முதல் வேலை கிடைத்தாலும் இரண்டாவது கிடைக்காது. எண்கள் அதற்கு மேல் என்றால் ஆறு மாதம் இங்கேயே முயலுங்கள். வீட்டிலிருந்தே பார்க்கும் ரிமோட் வேலையை முதல் வேலையாக எண்ண வேண்டாம். 'எங்கிருந்தும்' என்று போட்டுவிட்டு, வரி, தொழிலாளர் சட்டம் காரணமாக ஒரே நாட்டு ஆட்களை மட்டும் எடுப்பவர்கள் பலர். புதியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டித்தர ஆளும் இருக்காது. சில நாள் வீடு, சில நாள் அலுவலகம் என்ற ஹைப்ரிட் வேலை வந்தால் வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் என்பதை ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன இரண்டு நாள், சேர்ந்த பிறகு ஐந்தாகிவிடும்.