அரிசியை நிறுத்த வேண்டாம், உலையில் ஒரு கைப்பிடி குறையுங்கள்

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. "இன்னும் சர்க்கரை நோய் இல்லை, எல்லையில் நிற்கிறீர்கள், சாப்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள்" என்றார் டாக்டர். மறுநாளே அரிசியை நிறுத்திவிட்டேன். காலையில் ஓட்ஸ், மதியம் சாமை, இரவு இரண்டு சப்பாத்தி, காபியில் சர்க்கரை கிடையாது. பதினோரு நாள்தான் ஓடியது. அவர் சாயங்காலம் வெளியே கரமும் (எங்கள் ஊரில் சட்னி கலந்து விற்கும் நொறுக்குத் தீனி) பஜ்ஜியும் சாப்பிட ஆரம்பித்தார். ஒன்பதாவது படிக்கும் பையன் டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். 72 வயது மாமியாருக்குத் தனியாகக் குழைந்த சாதம். மூன்று விதமாகச் சமைத்து முடியாமல் பழையபடிக்கே வந்துவிட்டோம். எங்கள் வீட்டில் சாப்பாட்டை மாற்ற முடியுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது? (வாசகி, கரூர்)

பதில்: முடியும். பதினோரு நாளில் நின்றுபோனதற்கு உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். காலை, மதியம், இரவு, காபி என நான்கையும் ஒரே நாளில் மாற்றியிருக்கிறீர்கள். நான்கு பேரின் நாக்குக்குப் பழகிய ருசியும், உங்கள் கைக்குப் பழகிய அளவும் ஒரே நாளில் போய்விட்டால் எந்த வீடும் தாங்காது. உணவு ஆலோசனை சொல்ல வந்த புதிதில் நானும் அச்சடித்த டயட் சார்ட்டைத்தான் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கைவிட்டிருப்பார்கள். சமைப்பவரை உட்கார வைத்து, "தினமும் எவ்வளவு அரிசி போடுகிறீர்கள், எண்ணெய் மாதம் எத்தனை லிட்டர்" என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் மாற்றங்கள் நிலைத்தன.

உங்கள் கணவரின் எண்ணைப் பார்ப்போம். ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். 6.1 இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. இந்த இடத்தில் நிற்பவர்களை வைத்துச் சென்னையில் மூன்று வருடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 2006-ல் வந்தன. 531 பேர். உணவையும் நடமாட்டத்தையும் சீர்செய்துகொண்ட குழுவில், எதையும் மாற்றாதவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை எடுத்த குழுவில் 26.4 சதவீதம். நம்மைப் போலவே சோறும் இட்லியும் சாப்பிடுகிற ஊரில் கிடைத்த முடிவு என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்த வருடமே ஆரம்பித்துவிட வேண்டும்.

அரிசிக்குப் பதில் சாமை, சாதத்துக்குப் பதில் சப்பாத்தி என்று மாற்றினீர்கள் அல்லவா? கிட்டத்தட்ட எல்லோரும் செய்வது இதைத்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-ல் வெளியானது. நாம் சாப்பிடும் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது அது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசியிலிருந்து முழுக் கோதுமைக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. நாளின் மொத்தக் கலோரியில் வெறும் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பருப்பு, பயறு, பால், தயிர் போன்ற புரதத்துக்கு மாற்றினால் குறைகிறது. சாமை நல்ல தானியம்தான். நார்ச்சத்து உண்டு, பிடித்தால் வாரம் ஒருநாள் வையுங்கள். ஆனால் ஒரு தட்டு நிறையச் சாமையும் ஒரு தட்டு நிறையச் சோறும் உங்கள் கணவரின் உடம்புக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தத் தட்டில் சோறு பிடித்திருக்கும் இடத்தைத்தான் நாம் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்கான அளவு கொடுத்திருக்கிறது. சமைக்காத எடையில் தானியம் 250 கிராம், கீரையும் காய்கறியும் 400 கிராம், பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி வகை 85 கிராம், எண்ணெய் 27 கிராம். நம் வீடுகளில் தானியமும் காயும் இடம் மாறிக் கிடக்கின்றன. நான்கு பேருக்கு அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கினால் "இன்றைக்குக் காய் ஆச்சு" என்று நினைத்துக்கொள்கிறோம். அது ஆளுக்கு 125 கிராம்.

அதனால் முதல் இரண்டு வாரம் மதியச் சாப்பாட்டை மட்டும் தொடுங்கள். காலை இட்லி, இரவு தோசை, காபி எல்லாம் பழையபடியே இருக்கட்டும். மதியத்துக்கு அரைக் கிலோ காய் நறுக்குகிற இடத்தில் முக்கால் கிலோ நறுக்குங்கள். பொரியலோடு ஒரு கூட்டோ கீரை மசியலோ சேரட்டும். உலையில் அரிசி போடும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப டப்பாவில் போட்டுவிடுங்கள். ஒரு கைப்பிடி என்பது சுமார் 40, 50 கிராம். வீட்டில் யாருக்கும் தெரியாது, யாரிடமும் சொல்லவும் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு கைப்பிடி. அரைக் கிலோ அரிசி வடிக்கிற வீட்டில் ஒரு மாதத்தில் 400 கிராமுக்கு வந்துவிடலாம். அந்தக் குறைப்பு உங்கள் கணவரின் தட்டிலும் உங்கள் தட்டிலும் மட்டும் இருக்கட்டும். வளர்கிற பையனுக்கு அவன் பசிக்குத் தகுந்த சோறு வேண்டும், அதில் கை வைக்காதீர்கள். பானை ஒன்று, குழம்பு ஒன்று, பரிமாறும் கரண்டிக் கணக்கு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மூன்று சமையல் என்ற பேச்சே இருக்காது.

பரிமாறும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் விழட்டும். அவர் அதில் பாதியைச் சாப்பிட்ட பிறகு சோறு வரட்டும். காயும் பருப்பும் முதலில் உள்ளே போய், மாவுச்சத்து பின்னால் போனால், சாப்பிட்ட பிறகு ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. இரண்டாவது தடவை சோறு கேட்பதும் தானாகக் குறையும். மதியம் அவர் டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர் என்றால் பெரிய டப்பாவில் காயும் சின்ன டப்பாவில் சோறும் வையுங்கள். டப்பாவை மாற்றி வைப்பது மட்டுமே இரண்டு மாதத்தில் நல்ல பலன் தந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து பருப்பு, பயறு. உங்கள் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே கிடையாது. கொள்ளுப் பருப்பு, தட்டைப்பயறு குழம்பு, பச்சைப்பயறு கடையல் எல்லாம் உங்கள் கைக்குப் பழகியவை. சாம்பாரில் துவரம்பருப்பைக் கொஞ்சம் கூட்டிக் கெட்டியாக வையுங்கள். அரிசியும் பருப்பும் சாதம் செய்கிற நாளில் பருப்பின் பங்கை ஒரு அரை டம்ளர் ஏற்றுங்கள். இட்லி மாவுக்கு நான்குக்கு ஒன்று உளுந்து போடுகிறவர் என்றால் மூன்றுக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஐந்து இட்லி சாப்பிடுகிறவருக்கு மூன்று இட்லி, ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பார், ஒரு அவித்த முட்டை. முட்டை சாப்பிடாதவர் என்றால் ஒரு கரண்டி சுண்டல்.

சாயங்காலக் கரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் பதினோரு நாளும் உடைந்தது அங்கேதான். அவர் வேண்டுமென்றே மீறினார் என்று நான் நினைக்கவில்லை. ஓட்ஸும் அளந்த சாமையும் சாப்பிட்டு, சர்க்கரை இல்லாத காபியையும் குடித்த மனிதருக்கு ஐந்து மணிக்கு நல்ல பசி எடுத்திருக்கும். எதிரில் சூடாக பஜ்ஜி இருந்தால் கை நீளத்தான் செய்யும். அந்தப் பசி வருவதற்குள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, அல்லது காலையிலேயே தாளித்து வைத்த சுண்டல், அல்லது ஒரு கொய்யாவோடு ஒரு டம்ளர் மோர். நாலரை மணிக்கே சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள். கரத்தை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. சனிக்கிழமை ஒருநாள், உங்களோடு சேர்ந்து போய்ச் சாப்பிடட்டும். ஒளித்துச் சாப்பிடுவதற்கு இருக்கிற இழுப்பு அப்போது இருக்காது.

காபி. ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளைக்கு ஒரு தடவை கால் ஸ்பூன் குறையுங்கள். நாற்பது நாளில் ஒரு ஸ்பூனுக்கு வந்துவிடும். ஒரு ஸ்பூன் சுமார் 5 கிராம். மூன்று காபிக்கு நாளுக்கு 15 கிராம் மிச்சம், மாதத்துக்கு 450 கிராம், அதுவும் ஒருவருக்கு மட்டும். இங்கே ஒரு வேண்டுகோள்: நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றிவிட்டு அளவை அப்படியே வைக்காதீர்கள். ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் இவை வெள்ளைச் சர்க்கரைக்குப் பெரிதாகக் குறைந்தவை இல்லை. "கருப்பட்டிதானே" என்று மூன்று ஸ்பூன் போட்டுக் குடித்தவர்களின் ரிப்போர்ட்டைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

எண்ணெயையும் உப்பையும் கரண்டியில் அளந்துகொண்டிருக்க முடியாது. மளிகை லிஸ்ட்டில் அளந்துகொள்ளுங்கள். ஆளுக்கு நாளுக்கு 27 கிராம் எண்ணெய் என்றால் நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர்தான் உச்சம். இப்போது ஐந்து லிட்டர் வாங்குகிறீர்கள் என்றால் அடுத்த மாதம் நாலரை வாங்குங்கள், தீர்ந்த பிறகு மாதம் முடியும்வரை வாங்க வேண்டாம். உப்பு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நான்கு பேருக்கு 20 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாளாவது வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைத் தீனியில் வரும் உப்பு இந்தக் கணக்கில் இல்லை, ஆகவே பாக்கெட் இன்னும் அதிக நாள் வர வேண்டும். உப்பைக் குறைத்தால் முதல் சில வாரம் எல்லாம் சப்பென்று இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் நாக்கு பழகி, பழைய அளவு கரிக்க ஆரம்பித்துவிடும். அதுவரை எலுமிச்சையும் மிளகும் கைகொடுக்கும்.

காயும் பயறும் கூடும்போது வயிறு உப்புசம், வாயு வரலாம். அதனாலும்தான் மெதுவாகப் போகச் சொல்கிறேன். பயறை இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். கொஞ்சம் இஞ்சி, பெருங்காயம், தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கட்டும். மாமியாருக்குப் பல் சிரமம் இருந்தால் அதே பொரியல் காயை இன்னும் ஐந்து நிமிடம் வேகவிட்டு எடுத்துவையுங்கள். அந்த வயதில் உணவு குறைந்தால் உடம்பில் சதை கரையும். அவருக்குச் சோற்றைக் குறைக்காமல் பருப்பையும் தயிரையும் கூட்டினால் போதும். வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ போய்க்கொண்டிருந்தாலோ, டாக்டரிடம் கேட்காமல் இதில் எதையும் செய்யாதீர்கள். மாத்திரை அளவு அப்படியே இருந்து சோறு மட்டும் குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

நடுவில் ஒரு கல்யாணம் வரும், ஒரு தீபாவளி வரும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துப் புதுப் பழக்கம் எத்தனை நாளில் படிகிறது என்று பார்த்தார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்ற கணக்கு, நடுத்தரமாக 66 நாள். இடையில் ஒருநாள் விட்டுப்போனது பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பந்தியில் இலை நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுநாள் பட்டினி போடாதீர்கள். வழக்கமான மதியச் சாப்பாடு, அதே குறைந்த கைப்பிடி. இரவு சாப்பிட்டபின் இரண்டு பேரும் தெருவில் ஒரு கால் மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி பரிசோதனை எடுங்கள். நடுவில் எடுக்க வேண்டாம், அதற்குள் சராசரி முழுதாக மாறியிருக்காது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த ரிப்போர்ட்டோடு மூன்று மாத மளிகை லிஸ்ட்டையும் எடுத்துப் போங்கள். 6.1 அப்படியே நின்றிருந்தால், அரிசி, எண்ணெய், சர்க்கரை, பருப்பு என்ற நான்கு வரிகளில் எது அசையவில்லை என்று அதிலேயே தெரியும். அடுத்த மூன்று மாதத்துக்கு அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.