மவுத் ஆர்கனில் ஒற்றை ஸ்வரம்: உதட்டை இறுக்காதீர்கள்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். 10 துளை மவுத் ஆர்கன் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஒரு துளையில் ஊதினால் பக்கத்துத் துளையும் சேர்ந்து ஒலிக்கிறது. உதட்டை எவ்வளவு குவித்தும் பயனில்லை. இரண்டாம் துளையில் உறிஞ்சினால் சத்தமே சரியாக வரவில்லை. வாத்தியத்தில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் கோளாறு வாத்தியத்தில் இருக்காது. 3, 5 ஆகிய துளைகளை விரல்களால் மூடிக்கொண்டு 4-ஐ மட்டும் ஊதிப் பாருங்கள். சுத்தமான ஸ கேட்கும். உங்கள் உதடு தர வேண்டிய ஒலி அதுதான். முதலில் அதைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து, வாத்தியத்தை நுனியில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாகப் பழகும் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். இறுக்க இறுக்கக் காற்று ஓரத்தில் கசியும், ஒலியும் மெலியும். வாத்தியத்தை இன்னும் உள்ளே விடுங்கள். உதட்டின் ஈரமான உட்பகுதி தகட்டில் படிய வேண்டும். பின்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் துளைகள் கீழுதட்டை நோக்கிச் சாயும், துளை தானாகவே தனித்துக் கிடைக்கும். கன்னம் உப்பக் கூடாது. அடுத்த துளைக்குப் போகும்போது தலையைத் திருப்பாமல் வாத்தியத்தை நகர்த்துங்கள்.

இரண்டாம் துளை பலரை அழவைத்திருக்கிறது. வாய்க்குள் இடம் குறுகினால் அந்தத் துளையின் ரீடின் (உள்ளே அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய உலோகப் பட்டை) சுருதி கீழே இறங்கிவிடும், அல்லது திணறி நின்றுவிடும். பலமாக உறிஞ்சினால் இன்னும் மோசமாகும். கொட்டாவி விடுவது போலத் தாடையைத் தளர்த்தி, தொண்டையைத் திறந்து, மெதுவாக மூச்சை இழுங்கள். 3-இல் ஊதினாலும் 2-இல் உறிஞ்சினாலும் வருவது ஒரே ப. மாற்றி மாற்றி வாசியுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் வரை தொண்டை இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம்.

நாக்கால் துளைகளை அடைத்து வாசிக்கும் முறையும் உண்டு. 1 முதல் 4 வரை வாயால் மூடி, முதல் மூன்றை நாக்கால் அடைத்தால், வலது ஓரத்தில் 4 மட்டும் ஒலிக்கும். நாக்கை எடுத்து எடுத்து வைத்தால் பாட்டோடு தாளமும் சேர்ந்து வரும், கேட்க அருமையாக இருக்கும். ஆனால் உதட்டு முறை கைவந்த பிறகு அதற்குப் போவதே நல்லது.

நண்பர் யாராவது 24 துளை, இரட்டை வரிசை கொண்ட டிரமோலோ வகை மவுத் ஆர்கன் வாசித்தால் அவரோடு ஒப்பிட வேண்டாம். அதில் ஊதும் துளையும் உறிஞ்சும் துளையும் அடுத்தடுத்து இருப்பதால், வாய் கொஞ்சம் அகன்றாலும் ஒரே ஸ்வரம்தான் வரும்.

இத்தனைக்குப் பிறகும் 2 ஒலிக்காவிட்டால் எச்சில் அடைத்திருக்கலாம். துளைகள் கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டுங்கள். அப்புறம், மும்பை மழைக்காலத்தில் வாசித்த கையோடு பெட்டியில் போட்டு மூடாதீர்கள், நன்றாக உலரட்டும்.